விண்டோஸ் அப்டேட் ஆன் பண்ணலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்

அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டைல எங்க அக்கா சின்னதா ஜெராக்ஸ் கடை வெச்சிருக்காங்க, அங்க செகண்ட் ஹேண்டா வாங்கின கம்ப்யூட்டர்ல விண்டோஸ் 10, கீழ வலது ஓரத்துல 'ஆக்டிவேட் விண்டோஸ்'னு மங்கலா ஒரு எழுத்து நிக்குது, வால்பேப்பர் மாத்த விடல, மத்தபடி பிரிண்ட் எல்லாம் நல்லா போகுது. வித்தவரு "அப்டேட்ட ஆஃப் பண்ணிட்டேன், கை வெக்காதீங்க, லைசென்ஸ் செக் பண்ணி லாக் ஆயிடும்"னு சொல்லிட்டு போயிட்டாரு.

எனக்கு அது சரியா படல. 2017 மே மாசம் ஃபைல பூட்டிட்டு காசு கேக்கற வான்னாக்ரை வைரஸ் வந்தப்ப, அத தடுக்கற அப்டேட் (பேட்ச்) மார்ச்லயே வந்துடுச்சு, போடாத மெஷினுங்கதான் மாட்டுச்சு. இந்தக் கடைக்கு ஏரியால இருக்கற பென்டிரைவ் எல்லாம் வருது, ஆதாரு, ரேஷன் கார்டு, புள்ளைங்க டிசின்னு ஜனங்க நம்பி குடுக்கறாங்க.

அதுக்காக பயமே வேணாம்னும் சொல்ல முடியல. 2019 ஜனவரில விண்டோஸ் 7ல லைசென்ஸ் செக் பண்ற கேபி971033ங்கற அப்டேட் இருந்த சில ஆபீஸ் மெஷின்ல, காசு குடுத்து வாங்கினதையே 'ஜெனியூன் இல்ல'ன்னு காட்டுச்சு, மைக்ரோசாஃப்ட்டே அத எடுத்துட சொன்னாங்க.

இப்ப அப்டேட் ஆன் பண்ணா ஃபைல் எதுவும் திறக்காம போகுமா, இல்ல அந்த எழுத்து மட்டும்தானா? யாராவது பண்ணி பாத்திருக்கீங்களா? விண்டோஸ் 10 சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு விக்கற விண்டோஸ் லைசென்ஸ் கீய நம்பலாமா, இல்ல விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் போட்டா பழைய பிரிண்டரும் தமிழ் டைப்பிங்கும் ஒழுங்கா ஓடுமா?