புதுப்பிப்பு: பழைய லாரிக்குப் பழைய ஷாக் அப்சார்பர்

என் லாரியின் முன்பக்க ஷாக் அப்சார்பர் (வண்டி குதிப்பதை அடக்கும் எண்ணெய்க் குழாய்) இரண்டும் எண்ணெய் கசிந்து போய்விட்டன, புதியது வரும்வரை வேறு வண்டியில் கழற்றியதைப் போடலாமா என்று கேட்டிருந்தேன். போட்டுவிட்டேன். வண்டி குதிப்பது நன்றாகக் குறைந்திருக்கிறது.

வாங்கும்போது நிமிர்த்திப் பிடித்து, ராடை (உள்ளே போய் வரும் தண்டை) முழுக்க அழுத்தி இழுத்துப் பார்த்தேன். நடுவில் எங்கும் தொய்வு இருக்கக் கூடாது. ராடில் துருக்குழி விழுந்திருந்த ஒரு ஜோடியை ஒதுக்கிவிட்டேன், அது எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலைச் சீக்கிரம் கிழித்துவிடும். முழுக்க அழுத்தியபோது இருக்கும் நீளமும் முக்கியம். அது அதிகமாக இருந்தால் பள்ளத்தில் ஷாக்கே முட்டி நிற்கும். மாட்டும் முனைகளில் வரும் ரப்பர் புஷ் மட்டும் புதிது. அப்புறம், வண்டி தரையில் நின்ற பிறகே போல்ட்டை இறுக்கினேன், இல்லையென்றால் அந்த புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடக்கும்.

பிரேக் பிடித்தால் முன்பக்கம் இன்னும் அமுங்குகிறது. அதனால் பாரம் குறைத்தே ஓட்டுகிறேன். புதியது வந்ததும் இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுவேன்.