1967 ஹெரால்டு: வீட்டில் கழற்றலாமா, பட்டறைக்கு விடலாமா?

தாம்பரம் தம்பி:
அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், இரண்டு கதவு, 18 வருடமாக ஷெட்டில் நிற்கிறது. இன்ஜினைக் கையால் திருப்பினால் சுற்றுகிறது. கதவுக்குக் கீழே துரு தின்ற இடத்தில் விரலே உள்ளே போகிறது. பட்டறைக்காரர், "மொத்தமா விட்டுடுங்க, வேற இன்ஜின் வச்சு ஓட வச்சுடறேன்" என்கிறார். எனக்கு என் கையால் செய்ய ஆசை. ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், வெல்டிங் தெரியாது. என்ன செய்யலாம்?

கோவை டிங்கர்:
வேண்டாம் தம்பி. 30 வருடமாக டிங்கரிங் செய்கிறேன். வீட்டில் கழற்றிய வண்டிகள் கடைசியில் என்னிடம் சாக்கு மூட்டையாகத்தான் வருகின்றன. எந்த போல்ட் எங்கே இருந்தது என்று உரிமையாளருக்கே தெரியாது. சென்னையில் பழைய சாமான் விற்கும் புதுப்பேட்டையில் அலைந்தாலும் ஹெரால்டு சாமான் எல்லாம் கிடைத்துவிடாது. கம்பெனி மூடி 30 வருடத்துக்கு மேல் ஆகிறது.

பழைய பானட்:
அண்ணா சொல்வது அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் பொருந்தும். அவற்றில் பாடிதான் எலும்பு. ஹெரால்டுக்கு அடியில் சேசிஸ் என்ற தனி இரும்புச் சட்டம் உண்டு, பாடி அதன் மேல் துண்டு துண்டாக போல்ட்டில் நிற்கிறது. பானட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் கவிழும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே அந்த 948 சிசி இன்ஜினில் கை வைக்கலாம். வீட்டில் வேலை பார்க்க இதைவிட வசதியான வண்டி எது?

தம்பி, உங்கள் விரல் போன இடம் வெறும் தகடு, போல்ட்டைக் கழற்றி மாற்றிவிடலாம். அதற்கு உள்ளே ஓடும் சேசிஸ் கைகளைத்தான், அதாவது பாடியைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் சட்டங்களைத்தான் பார்க்க வேண்டும். சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீர் என்றால் இரும்பு இருக்கிறது, பொத் என்றால் போய்விட்டது. அப்புறம், இஞ்ச் ஸ்பேனர் செட் ஒன்று வாங்குங்கள். மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் போல்ட் தலை மழுங்கிவிடும்.

கோவை டிங்கர்:
சேசிஸ் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கைகளை யார் வெல்டு செய்வது? சூட்டில் கொஞ்சம் இழுத்தாலும் கதவு சேராது. அடுத்தது முன் சக்கரம். செங்குத்துத் தண்டின் அடிமுனை ட்ரன்னியன் என்ற பித்தளை மூட்டுக்குள் மரையாகத் திருகி நிற்கும். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சுழலும். அதற்கு கியர் ஆயில்தான் விட வேண்டும். விவரம் தெரியாதவர்கள் கிரீஸ் அடிக்கிறார்கள், அது மரை முழுக்க இறங்காது. உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடித்து, ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். அப்படி மடங்கிய வண்டியை நானே தூக்கி வந்திருக்கிறேன். உள்ளே இரண்டு உயிர் இருந்தது, தெய்வாதீனமாகப் பிழைத்தார்கள்.

பெயின்ட்டும் வீட்டில் வேண்டாம். இப்போதைய 2கே பெயின்ட்டில் இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சு இருக்கிறது. துணி மாஸ்க் அதைத் தடுக்காது, வெளிக்காற்று வரும் முகமூடி வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைத் தெளிக்கவே கூடாது. பழைய பிரேக் ஷூ தூசியையும் காற்றடித்து ஊதாதீர்கள், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும்.

பழைய பானட்:
பெயின்ட்டிலும் வெல்டிங்கிலும் அண்ணா பக்கம்தான் நான். ஆனால் ட்ரன்னியன் கதைதான் என் கட்சிக்குச் சாட்சி. என் முதல் வண்டியை ஒரு பட்டறையில் விட்டேன். அவர்களும் கிரீஸ்தான் அடித்துக் கொடுத்தார்கள். நானே கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மரை முழுக்கச் செம்மண் நிறம். சொந்த வண்டியென்றால் அந்த ஒரு தண்டைத் துடைத்துப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவழிப்போம். கூலிக்குச் செய்பவருக்கு அந்த நேரம் ஏது?

வேறு இன்ஜின் மட்டும் வைக்காதீர்கள். 2021 விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டி அசல் நிலையில் இருந்தால்தான் 'விஏ' வரிசையில் விண்டேஜ் பதிவு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். இன்ஜினை மாற்றினால் அது கைவிட்டுப் போகும்.

கோவை டிங்கர்:
கூலிக்குச் செய்பவன் எல்லோரும் அப்படியில்லை தம்பி. அந்த வார்த்தை எனக்கு வலிக்கிறது. ஆனால் இன்ஜினை மாற்றக் கூடாது என்பது நூற்றுக்கு நூறு உண்மை.

பழைய பானட்:
மன்னியுங்கள் அண்ணா, உங்களைச் சொல்லவில்லை.

தாம்பரம் தம்பி:
இருவருக்கும் நன்றி. இன்று காலை சுத்தியலால் தட்டினேன். இடது பக்கம் கணீர், வலது பக்கம் பின் கை பொத். அது மட்டும் வெல்டருக்கு, பெயின்ட் பட்டறைக்கு, மற்றதெல்லாம் நான். ஒவ்வொரு போல்ட்டையும் தனிப் பையில் போட்டு எழுதி வைக்கிறேன். அண்ணா, வலது சேசிஸ் கையை வெல்டு செய்யும்போது கதவைக் கழற்றிவிடவா, மாட்டியே வைக்கவா?

கோவை டிங்கர்:
மாட்டியே வையுங்கள். பாடியை சேசிஸில் முடுக்கி, கதவைச் சாத்தி, இடைவெளியை அளந்து எழுதிக்கொண்ட பிறகு வெல்டரைக் கூப்பிடுங்கள். பக்கத்திலிருக்கும் கார்பெட்டையும் ரப்பரையும் எடுத்துவிட்டு, பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வைத்த பிறகுதான் தீப்பொறி.