பேனரில் சங்கத்தின் பெயர் வேண்டாம்

அண்ணாச்சிமார்களுக்கும் மைனிமார்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிறு தாராவியில் நடந்த நம்ம ஊர்ச் சங்கக் கூட்டத்துக்கு வர முடியாத துபாய், சென்னைக்காரர்களுக்காகவும் சேர்த்து எழுதுகிறேன். நம்ம ஊர்க்காரர் மும்பை மாநகராட்சித் தேர்தலில் நிற்கிறார் என்றதும் முதலில் சந்தோஷப்பட்டவன் நான்தான். 227 வார்டில் ஒரு வார்டாவது நம்ம ஆள் கையில் இருக்கட்டுமே என்று நினைத்தேன். 2020 ஏப்ரலில் தாராவிக்குக் கொரோனா வந்து சந்துக்குச் சந்து அடைத்தபோது, என் வீட்டு வாசலில் அரிசி இறக்கினவர் அவர். அதை மறந்தால் நான் மனுஷனே இல்லை.

ஆனால் அன்றைக்கு மைக்கைப் பிடித்து அவர் பேசியது என்ன? பெற்றோர் கையெழுத்து இல்லாமல் காதல் கல்யாணத்தைப் பதிவு செய்ய விடமாட்டாராம். சாதி மாறிக் கட்டினவர்களிடம் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கான வரி வாங்கக் கூடாதாம். பாதிப் பேர் கை தட்டினீர்கள். பின்வரிசையில் என் வீட்டுக்காரி இருந்தாள். அவள் எழுந்தும் போகவில்லை, கொடுத்த டீயையும் தொடவில்லை.

எங்கள் கதை பலருக்குத் தெரியும். கல்யாணம் முடிந்து ஆறு வருஷம் ஊரில் எங்கள் வரியை வாங்கவில்லை. வரி இல்லை என்றால் தலைக்கட்டு இல்லை, அதாவது ஊர்க் கணக்கில் ஒரு குடும்பமாகவே சேர்க்கமாட்டார்கள், பந்தியில் இலையும் இல்லை. என் அப்பா கொடைக்குத் தனியாகப் போய்விட்டு, சாப்பிடாமல் திரும்பி வருவார்.

"கவுன்சிலருக்குச் சாக்கடை, தண்ணீர், குப்பைதானே வேலை, கல்யாணத்துக்கு அவர் என்ன செய்யப் போறார்?" என்று செயலாளர் அண்ணாச்சி கேட்டார். மும்பையில் கல்யாணத்தைப் பதிவதே மாநகராட்சி வார்டு ஆபீசில்தான் அண்ணாச்சி. 1998ஆம் வருஷத்து மகாராஷ்டிரச் சட்டம் அது. மூன்று சாட்சி போதும், அப்பா அம்மா கையெழுத்து எங்கேயும் கேட்கவில்லை. வயது வந்த இருவர் சம்மதித்தால் குடும்பமோ சமூகமோ சம்மதிக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2018 மார்ச்சில் சொல்லிவிட்டது. ஆகவே சட்டத்தை இவரால் மாற்ற முடியாது. ஆனால் கிளார்க்கிடம் ஒரு வார்த்தை சொல்லி, வந்த பிள்ளைகளை "பெரியவங்களைக் கூட்டிட்டு வா" என்று திருப்பி அனுப்ப வைக்க முடியும். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு ஒரு போன் போட முடியும். 2016இல் உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் அருகே, சாதி மாறிக் கட்டின சங்கரைப் பட்டப்பகலில் வெட்டினார்களே, அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்கு ஒரு போன் என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டாம்.

ஐயர் இல்லாமல், மாலை மாற்றிக்கொண்டாலே கல்யாணம் செல்லும் என்று 1967இல் சட்டத்தைத் திருத்திய மண்ணிலிருந்து ரயில் ஏறி வந்தவர்கள் நாம். (அந்தத் திருத்தம் மகாராஷ்டிரத்தில் செல்லாது, அது வேறு விஷயம்.)

அவருக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் போடுங்கள், அது உங்கள் உரிமை. நானும் வீட்டுக்காரியும் போடமாட்டோம். அரிசிக்கு உண்டான நன்றியை வேறு விதமாகச் செலுத்திக்கொள்கிறேன். சங்கத்தின் பெயரை மட்டும் அவருடைய தேர்தல் பேனரிலிருந்து எடுங்கள். எங்களைப் போலச் சாதி மாறிக் கட்டின குடும்பங்களும் சந்தா கட்டித்தான் இந்தச் சங்கம் நடக்கிறது.

இந்த வருஷக் கொடை வரி ரசீதுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. வரும் ஞாயிறு கொண்டுவருகிறேன். யாரிடம் வாங்கலாம், யாரிடம் வாங்கக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டு, புத்தகத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.