படகு விண்ட்ஷீல்டில் கீறல்: 400 நம்பர் பேப்பர் போடலாமா?

கேள்வி:
படகோட முன்பக்க பிளாஸ்டிக் விண்ட்ஷீல்டு முழுக்க மங்கலா இருக்கு. ஸ்டியரிங்குக்கு நேரா நகம் மாட்டுற அளவுக்கு ரெண்டு ஆழமான கோடு. ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுத்தி வெள்ளிக் கம்பி மாதிரி மெல்லிய வரிகளும் தெரியுது. டூத்பேஸ்ட் போட்டுத் தேச்சும் பலன் இல்ல. 400 நம்பர் வாட்டர் பேப்பர்ல (தண்ணில நனைச்சுத் தேய்க்கிற உப்புத்தாள்) ஆரம்பிச்சு மெஷின்ல பாலிஷ் போடலாமா?

பதில் 1:
பேப்பரைக் கீழ வைங்க. விண்ட்ஷீல்டு எந்த வகை பிளாஸ்டிக், அக்ரிலிக்கா பாலிகார்பனேட்டான்னு முதல்ல பாருங்க. மூலையில தயாரிப்பாளர் முத்திரை இருந்தா அதுலயே இருக்கும். பாலிகார்பனேட்னா மேல கெட்டியான கோட்டிங் இருக்கும். வெயிலையும் கீறலையும் தாங்குறது அதுதான். தேச்சா அது போயிடும். ரெண்டு நாள் பளபளக்கும், அப்புறம் மஞ்சள் அடிச்சு முன்னைவிட வேகமா கீறல் விழும். பாலிகார்பனேட்னா ஷீட்டையே மாத்துறதுதான் வழி. அக்ரிலிக்னா தாராளமா தேய்க்கலாம்.

இன்னொண்ணு, மங்கல் மேல தண்ணி ஊத்திப் பாருங்க. நனைஞ்சிருக்கும்போது மறைஞ்சா மேலோட்டமானது, பாலிஷிலயே போகும். ஸ்க்ரூ பக்க வரிகள் மறையாது, அது உள்விரிசல். எந்த நம்பர் பேப்பராலயும் அதை எடுக்க முடியாது.

பதில் 2:
அக்ரிலிக்னு உறுதியானா வரிசை இது. நல்ல தண்ணில உப்பைக் கரைச்சு விடுங்க. உலர்ந்த உப்புத் துகளோட துடைச்சா அதுவே புதுக் கீறல். ஃபிரேம் ஓரத்துல மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. நம்பர் குறைய குறைய பேப்பர் சொரசொரப்பு, அதனால 400 வேண்டவே வேண்டாம். அது போடுற கோட்டை எடுக்கத்தான் பாதி நாள் போகும். ஆழமான கோட்டுக்கு 800, பிறகு 1000, 1500, 2000, 3000. மங்கலுக்கு நேரா 2000லயே ஆரம்பிக்கலாம்.

பேப்பரை ரப்பர் பிளாக்ல சுத்தி, வாளித் தண்ணில ரெண்டு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, நனைச்சு நனைச்சு தேய்ங்க. ஒரு நம்பர் கிடையா, அடுத்தது நெட்டா. முந்தின கோடு ஒண்ணுகூட தெரியாதபோதுதான் அடுத்த நம்பர். நடுவுல வாளித் தண்ணிய மாத்தணும். 800ல இருந்து வந்த ஒரே ஒரு மணல் 3000 போடும்போது சிக்கினா மறுபடி முதல்ல இருந்து.

கேள்வி கேட்டவர்:
அக்ரிலிக்தான். 800 முடிச்சேன், பால் ஊத்தின மாதிரி வெளுத்துப் போச்சு. கோடு இருந்த இடத்துல பார்த்தா எதிர்ல உள்ள கம்பம் நெளியுது.

பதில் 2:
வெளுக்கிறது சரிதான், 3000 முடியும்போது தெளிவு எட்டிப் பார்க்கும். நெளிவுக்குக் காரணம், கோட்டை மட்டும் குடைஞ்சு பள்ளம் பண்ணிட்டீங்க. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளி வரைக்கும் பரத்தித் தேய்ங்க. பார்வை மட்டத்துல ஆழமான கோடுன்னா முழுசா எடுக்க அடம்பிடிக்காதீங்க. மெல்லிய கோடு கண்ணுக்குப் பழகிடும், நெளியுற கண்ணாடி வழியா ஓட்டினா தலை சுத்தும்.

பதில் 3:
மெஷின் விஷயம் யாரும் சொல்லல. மென்மையான ஃபோம் பேட், பிளாஸ்டிக்குக்கான பாலிஷ், நிமிஷத்துக்கு 1000 முதல் 1200 சுற்று. ஒரே இடத்துல நிறுத்தக் கூடாது. அக்ரிலிக் 100 டிகிரி பக்கம் இளகிடும். அதுக்கு முன்னாடியே பேட் பட்ட இடம் பிசுபிசுத்து இழுவும். புறங்கையை வச்சுப் பாருங்க, வெதுவெதுப்பைத் தாண்டினா ஆற விடணும். கம்பளி பேட் வேகமா வெட்டும், சூடும் வேகமா ஏறும்.

ஸ்க்ரூ விரிசலுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, அம்மோனியா, ஆல்கஹால், அசிட்டோன் கலந்த கிளீனர். வீட்டு ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே பலதுல அம்மோனியாவோ ஆல்கஹாலோ இருக்கு. இன்னொண்ணு இறுக்கம். ஒரு மீட்டர் அக்ரிலிக் 30 டிகிரி சூடேறினா சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். ஓட்டை ஸ்க்ரூ அளவுக்கே இருந்தா நீள இடமில்ல, அங்கயே வெடிக்கும். ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக்கி, ரப்பர் வாஷர் வச்சு, கையால திருப்புற இறுக்கத்தோட விடுங்க. விரிசல் விளிம்புவரை ஓடியிருந்தா பாலிஷுக்கு மெனக்கெடாம ஷீட்டையே மாத்துங்க.