பழைய கேம் டிஸ்க் விற்பனையில் டெவலப்பருக்குப் பங்கு கொடுக்க வழி உண்டா?

கேள்வி - டிஸ்க்பெட்டி:
60 டாலர் கேம் ஒன்றைக் கடை 25-க்குத் திரும்ப வாங்கி 50-க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் நிற்கும் 25 முழுக்கக் கடைக்கு. கேம் செய்தவருக்குக் காலணா கிடையாது, சர்வர் செலவு மட்டும் அவர் தலையில். ஓவியருக்கு மறுவிற்பனையில் பங்கு தரும் சட்டம் இருக்கிறதே, அதுபோல 5 சதவீதமாவது தரக்கூடாதா?

பதில் - சட்டப்புழு:
இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 53ஏ பிரிவைச் சொல்கிறீர்கள். மூல ஓவியம், சிற்பம், கையெழுத்துப் பிரதி போன்றவை 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால்தான் பங்கு, அதுவும் அதிகபட்சம் 10 சதவீதம். ஓவியம் ஒன்றே ஒன்று, பின்னாளில் விலை ஏறும். கேம் டிஸ்க் லட்சக்கணக்கில் அச்சாகிறது, மறுவாரமே விலை இறங்குகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஜப்பானில் கேம் நிறுவனங்கள் பழைய கேம் விற்பனையைத் தடுக்க உச்ச நீதிமன்றம் வரை போயின. கேமும் திரைப்பட வகைப் படைப்புதான், அதனால் பிரதிகளை விநியோகிக்கும் உரிமை எங்களுக்கு என்பது வாதம். 2002 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது: திரைப்பட வகை என்பது சரி, ஆனால் முதல் விற்பனையோடு அந்த உரிமை தீர்ந்துவிடுகிறது. அமெரிக்காவில் 1908-லேயே ஒரு புத்தக வழக்கில் இதே கொள்கை நிலைத்துவிட்டது.

பதில் - கன்சோல்காரன்:
சட்டத்தை விடுங்கள், வசூல் எப்படி? டிஸ்க்குக்குக் கைமாறியது தெரியாது. தெரிய வேண்டுமென்றால் அக்கவுண்டோடு பூட்ட வேண்டும். 2010-ல் இஏ (EA) என்ற கேம் நிறுவனம் செய்தது அதுதான். புதுப் பெட்டிக்குள் ஒரு கோடு (code, ரகசிய எண்), ஒரே முறைதான் செல்லும். பழைய டிஸ்க் வாங்கியவர் ஆன்லைனில் ஆட 10 டாலர் தனியாகக் கட்ட வேண்டும். கடைக்காரர் லாபத்தை விட்டுக்கொடுப்பாரா? திரும்ப வாங்கும் விலையில்தான் கை வைப்பார். கடைசியில் அந்தப் பத்து டாலர் பழைய டிஸ்க்கை விற்பவர், வாங்குபவர் மடியிலிருந்தே போகும். ஒரே வீட்டில் தம்பி தன் அக்கவுண்டில் ஆடப் போனாலும் சிக்கல். இஏ 2013-ல் கைவிட்டது. அதே ஆண்டு எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலில் கேமை அக்கவுண்டோடு பூட்டி, 24 மணி நேரத்துக்கொரு முறை இணையச் சோதனை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் ஒரு மாதத்துக்குள் பின்வாங்கியது.

சர்வர் செலவு வாதம் பாதிதான் சரி. விற்றவர் வெளியேறி வாங்கியவர் உள்ளே வருகிறார், ஒரே நேரத்தில் இருவர் ஆடுவதில்லை. ஆனால் முதல் ஆள் சலித்து விட்ட இடத்தில் இரண்டாம் ஆள் தொடர்வதால் செலவு நீள்கிறது என்பது உண்மை.

டிஸ்க்பெட்டி:
அப்படியானால் டிஜிட்டல் கேமில்? வாங்கியவரின் அக்கவுண்ட் ஏற்கெனவே கடையிடம் இருக்கிறதே.

பதில் - பிட்டுபைட்டு:
அங்கே மட்டும்தான் பங்கு பிரிக்க முடியும். ரோபாட் கேஷ் (Robot Cache) என்ற கேம் விற்பனைத் தளம் வைத்திருந்த திட்டம்: மறுவிற்பனையில் 70 சதவீதம் கேம் நிறுவனத்துக்கு, 25 விற்றவருக்கு, 5 தளத்துக்கு. ஆனாலும் கேம் நிறுவனங்கள் தயங்கக் காரணம் உண்டு. டிஸ்க்கில் கீறல் விழும், தபால் செலவு இருக்கும். டிஜிட்டல் பிரதி தேயாது, நொடியில் கைமாறும். பத்து மணி நேரத்தில் முடியும் கதை கேம் என்றால் ஒரே பிரதி ஒரு மாதத்தில் எத்தனை பேரிடம் போகும் என்று கணக்குப் போடுங்கள். அடி வாங்குவது சின்ன ஸ்டூடியோதான்.

பிரான்ஸில் ஸ்டீம் என்ற டிஜிட்டல் கடையில் வாங்கிய கேமை மறுவிற்பனை செய்யலாம் என்று 2019-ல் ஒரு நீதிமன்றம் சொன்னது. 2022-ல் மேல்முறையீட்டில் அது தலைகீழானது.

பதில் - கன்சோல்காரன்:
பழையது வாங்குவோருக்கு ஒன்று. நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு வரும் கேம்-கீ கார்டில் கேம் இருக்காது, சாவி மட்டும்தான். அக்கவுண்டோடு கட்டப்படாததால் விற்கலாம், ஆனால் வாங்குபவர் முழுக் கேமையும் டவுன்லோட் செய்ய வேண்டும், ஆடும்போது கார்டும் செருகியிருக்க வேண்டும். பெட்டிக்குள் வெறும் கோடு சீட்டு வைத்து விற்பது வேறு. பயன்படுத்திய பிறகு அது காலி டப்பா, காசு கொடுக்காதீர்கள்.