நான்காம் வென்ட்ரிக்கிளில் நாடாப்புழுக் கட்டி: மாத்திரை முதலா, ஆபரேஷன் முதலா?

நியூரோ_பிஜி:
நியூரோசிஸ்டிசெர்கோசிஸ் (மூளையில் நாடாப்புழு லார்வா தொற்று). நான்காம் வென்ட்ரிக்கிளில் (மூளைத்தண்டுக்குப் பின்னால் உள்ள நீரறை) ஒரே கட்டி (புழு இருக்கும் நீர்ப்பை), கூடவே ஹைட்ரோகெஃபலஸ் (மூளையில் நீர்த்தேக்கம்). சி.டி.யில் கட்டி தெரியவில்லை, எம்.ஆர்.ஐ. சிஸ் (CISS) சீக்வென்ஸில்தான் ஸ்கோலெக்ஸ் (புழுவின் தலை) புள்ளியாகத் தெரிகிறது. அல்பெண்டசோல் (புழுக்கொல்லி மாத்திரை) கொடுத்துச் சுருக்கிவிட்டு எடுக்கலாமா? ஷன்ட் (தேங்கிய நீரை வடிக்கும் குழாய்) மட்டும் போதாதா?

மண்டையோட்டுக்காரன்:
அல்பெண்டசோலை இப்போது தொடாதீர்கள். புழு சாகும்போது அழற்சி கிளம்பி, கட்டிச்சுவர் வென்ட்ரிக்கிள் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வழுக்கிக்கொண்டு வரவேண்டிய கட்டி பிறகு அசையாது. அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2017 வழிகாட்டுதலும் எடுப்பதற்கு முன் வேண்டாம் என்றே சொல்கிறது. டெக்ஸாமெத்தசோன் (ஸ்டீராய்டு) மட்டும் போகட்டும். எல்.பி. (முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுப்பது) கூடவே கூடாது, மூளை கீழிறங்கிவிடும்.

கான்ட்ராஸ்டில் (ஸ்கேனுக்கு ஏற்றும் மருந்து) கட்டிச்சுவர் பளிச்சென்று ஏறுகிறதா பாருங்கள். ஏறினால் ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அதை இழுத்தால் ரத்தம் கொட்டும். வென்ட்ரிக்கிளின் தரைப்பகுதியில்தான் ஆறாம் நரம்புக் கருவும், அதைச் சுற்றிவரும் ஏழாம் நரம்பு இழைகளும். அங்கே ஷன்ட்டோடு நிறுத்துவதே புத்திசாலித்தனம்.

ஸ்கோப்_கை:
ஒட்டாத கட்டி என்றால் இரண்டு வழி: விரிந்த அக்விடக்ட் (மூன்றாம், நான்காம் வென்ட்ரிக்கிளை இணைக்கும் குறுகிய பாதை) வழியாக வளையும் எண்டோஸ்கோப், அல்லது பின்மண்டையைத் திறந்து மெஜெண்டி துளை (நான்காம் வென்ட்ரிக்கிளின் வெளிவாசல்) வழியாக. இரண்டாவதில் அனஸ்தீசியாக்காரர் வால்சால்வா (நுரையீரலில் காற்றழுத்தத்தைச் சற்று ஏற்றிப் பிடிப்பது) கொடுத்தால் பல நேரம் கட்டி தானே எட்டிப்பார்க்கும்.

எண்டோஸ்கோப்பில் பெரிய கட்டி சேனலுக்குள் நுழையாது. ஃபோர்செப்ஸில் பிடித்தபடி ஸ்கோப்பையும் சேர்த்தே வெளியே எடுக்க வேண்டும். கழுவ வெதுவெதுப்பான ரிங்கர் லாக்டேட். வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி இதயத்துடிப்பு சட்டென்று விழும். உடனே ஊற்றுவதை நிறுத்தி, குழாயைத் திறந்துவிடுங்கள்.

நியூரோ_பிஜி:
கட்டி உடைந்துவிட்டால்?

ஸ்கோப்_கை:
நன்றாகக் கழுவிவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஹைடாட்டிட் கட்டியோடு (வேறொரு நாடாப்புழுவின் கட்டி) குழப்பிக்கொள்ளாதீர்கள். அது உடைந்தால்தான் அனஃபைலாக்ஸிஸும் (உயிராபத்தான ஒவ்வாமை), சிதறி மறுபடி முளைப்பதும்.

மண்டையோட்டுக்காரன்:
ஷன்ட் மட்டும் போட்டால் புரதமும் செல்களும் அடைத்து, மறுபடி மறுபடி மாற்ற நேரும். போட்டே ஆகவேண்டும் என்றால், அதன்பின் ஸ்டீராய்டோடு அல்பெண்டசோல்: கிலோவுக்கு 15 மி.கி., இரண்டு வேளையாகப் பிரித்து, கொழுப்புள்ள சாப்பாட்டோடு. தொடங்குமுன் கண் பரிசோதனை கட்டாயம். கண்ணுக்குள் புழு இருந்து செத்தால் பார்வை போய்விடும்.

இன்னொன்று: வலிப்போடு வருகிற ஒற்றை கிரானுலோமாவுக்கு (மூளைத் திசுவில் அழற்சியால் உண்டாகும் சிறு முடிச்சு) இதெல்லாம் பொருந்தாது. 20 மி.மீ.க்குள், நடுக்கோடு விலகாமல் இருந்தால் கத்தி வேண்டாம், வேலூர் சி.எம்.சி. வகுத்த அளவுகோல் அதற்குத்தான்.