எல்டன் ரிங் கேம்: மலேனியா என்ற பாஸின் வாட்டர்ஃபவுல் டான்ஸில் (காற்றில் எழும்பிச் சுழன்று வெட்டும் தாக்குதல்) தப்பிக்க என்ன வழி?

ரெட்டைக்கத்தி:
லெவல் 135. விகர் (உயிர் அளவு) 40, மைண்ட் (மந்திர சக்தி) 20, என்டூரன்ஸ் 30, ஸ்ட்ரெங்த் 14, டெக்ஸ் 60, ஆர்கேன் 33, மற்றதெல்லாம் சாமுராய் வகுப்பின் தொடக்கத்தில் இருந்தபடியே. ரெண்டு கையிலும் உச்சிகட்டானா வாள் +25. வலது கை பிளட் (ரத்தக் கசிவு), இடது கை கோல்ட் (உறைபனி). துணைக்கு அழைக்கிற ஆஷ், என்னைப் போலவே உருவெடுக்கும் மிமிக் டியர் +10. முதல் ஃபேஸில் அவள் ஹெச்பி (உயிர்) முக்கால்வாசிக்கு இறங்கும் வரை சிரமமில்லை. அதுக்கப்புறம் மேலே எழும்பி அந்தச் சுழற்சி ஆரம்பித்ததும் ஆள் காலி. ஷீல்டு பிடித்துப் பார்த்தேன், உயிர் தப்பினாலும் அவளுக்குத்தான் ஹெச்பி ஏறுது. ஃப்ரீஸிங் பாட் (உறைபனிக் குடுவை) எறிந்தால் நிற்கும்னு சொல்றாங்க, எனக்கு நிற்கவே இல்லை. எங்கே தப்பு?

ஈசல்:
தப்பு இடது கையில் இருக்கு. பாட் அவளை நிறுத்துவது அடியால் இல்லை, ஃப்ராஸ்ட்பைட் (உறைபனிப் பாதிப்பு) வெடிக்கிற அந்த நொடியில் ஆள் நிலைகுலைவதால். உங்க கோல்ட் கட்டானா ஏற்கெனவே வெடிக்க வைத்துவிட்டால், அந்த நிலை ஓயும்வரை புதுசாக ஏறாது. போதாததுக்கு ஒவ்வொரு முறை வெடித்த பிறகும் அடுத்ததுக்கான வரம்பு உயரும். அதாவது பாட்டுக்கு வைத்திருந்த வாய்ப்பைக் கத்தியே தின்றுவிடுது. இடதையும் பிளட் ஆக்குங்க.

பாட்டை க்விக் ஸ்லாட்டில் முதலில் வைத்துக்கொள்ளுங்க. அவள் ஹெச்பி முக்கால் பங்குக்குக் கீழே போனதும் அந்த ஸ்லாட்டில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. ஒற்றைக் காலை மடக்கிக் காற்றில் நிற்பாள் பாருங்க, அப்போது எறியணும். சுழற்சி தொடங்கிய பிறகு எறிந்தால் எறிகிற கையோடு வெட்டுப்படுவீங்க. முதல் பாட் நம்பலாம். அடுத்த தடவை ஒன்று பத்தாமல் போகும், அதனால் ரோல் (உருண்டு விலகுதல்) பண்ணவும் தெரிந்தே ஆகணும்.

மழைக்காகம்:
அந்த ரோல் விஷயம். மொத்தம் மூன்று சுற்று வெட்டு, கடைசியில் ஒரு முடிப்பு. அவள் எழும்பியதுமே லாக்கை (கேமரா அவளையே குறிவைப்பதை) விட்டுவிட்டு நேரே எதிர்ப்பக்கம் ஓடணும். தூரம் இருந்தால் முதல் சுற்று எட்டாது. ரெண்டாவது சுற்றுக்கு அவள் பாய்ந்து வரும்போது பின்னால் போகக் கூடாது, அவளை நோக்கி உருளணும், அவளுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வருவது போல. மூன்றாவதும் அதே மாதிரி அவள் பக்கமாகவே. முடிப்பு வெட்டு கொஞ்சம் தாமதித்து வரும். பதற்றத்தில் முன்கூட்டியே உருண்டு மாட்டுறவங்கதான் அதிகம்.

ஒட்டி நிற்கும்போது ஆரம்பித்தால் இந்தக் கணக்கு உதவாது. அதனால் முக்கால் பங்குக்குக் கீழே வந்ததும் ஒரு அடி, கூடிப்போனால் ரெண்டு, உடனே விலகல். மூன்றாவது அடிக்கு ஆசைப்பட்டால் அவள் நடுவிலேயே உதறிக்கொண்டு திருப்பி அடிப்பாள். பிளட்ஹவுண்ட்ஸ் ஸ்டெப் (சட்டென்று விலகும் திறன்) இருந்தால் கிட்டத்திலிருந்தும் தப்பலாம். கேலிட் வடக்கே டிராகன்பாரோவில் லென்னிஸ் ரைஸ் பக்கத்துப் பாலத்தில், ராத்திரியில் மட்டும் வரும் நைட்ஸ் கேவல்ரி என்ற குதிரைவீரனிடம் கிடைக்கும். எடை 70 சதவீதத்துக்குக் கீழே இருக்கா என்று பாருங்க. ஹெவி ரோலில் இதெல்லாம் வீண்.

குத்துவிளக்கு:
ரெண்டு பேரும் பில்டை (புள்ளிப் பங்கீட்டை) தொடவே இல்லையே. விகர் 40 என்றால் 1450 ஹெச்பி, 60 என்றால் 1900. ஒரு சின்னத் தவறுக்கும் சாவுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி அது. ரென்னாலாவிடம் ஒரு லார்வல் டியர் (புள்ளிகளை மாற்றிப் போட உதவும் பொருள்) கொடுத்து டெக்ஸை 37க்கு இறக்குங்க. 20 புள்ளி விகருக்கு, 3 மைண்டுக்கு.

மைண்ட் எதுக்கு என்றால் பிளாக் நைஃப் டிஷே என்ற ஆஷுக்கு. 132 எஃப்பி (மந்திர சக்தி) கேட்பாள், மைண்ட் 20 பத்தாது. மிமிக் எஃப்பி கேட்காது, ஹெச்பிதான் எடுக்கும் என்பது வசதிதான், ஆனால் அது அடி வாங்கிக்கொண்டே நிற்கும். மலேனியா அதை வெட்டினாலும் அவளுக்கு ஹெச்பி ஏறும். ஷீல்டில் நடந்த அதே கதை. டிஷே விலகி விலகி அடிப்பாள், அவள் வெட்டு எதிரியின் மொத்த ஹெச்பியையும் கொஞ்சம் குறைக்கும். ரிங்லீடர்ஸ் எவர்கேயோலில் அலெக்டோவைக் கொன்றால் கிடைப்பாள். அலெக்டோவும் லேசான ஆள் இல்லை, சொல்லிவிட்டேன்.

தாலிஸ்மனில் லார்ட் ஆஃப் பிளட்ஸ் எக்ஸல்டேஷன் கட்டாயம். லேண்டல் கேடகோம்ப்ஸில் எஸ்கர் என்ற பாஸிடம் இருக்கு. பிளீட் வெடித்த பிறகு 20 நொடிக்கு 20 சதவீதம் கூடுதல் அடி.

ரெட்டைக்கத்தி:
நன்றி. கோல்டை எடுத்துவிடுகிறேன். ரெண்டாவது ஃபேஸ் ஆரம்பத்திலேயே அவள் பூவாக விழுந்து ராட் (அழுகல் பாதிப்பு) ஏற்றுவாளே, அதுக்கு ஃப்ளேம் க்ளென்ஸ் மீ மந்திரம் போதுமா?

மழைக்காகம்:
அதுக்கு ஃபெயித் 12 வேணும், உங்களிடம் 8தான். ப்ரிசர்விங் போலஸ் (ராட்டைப் போக்கும் மருந்து) எடுத்துக்கொண்டு போங்க.

கட்சீன் முடிந்ததும் லாக் இல்லாமல் ஓடுங்க. குத்திட்டுப் பாய்வது ஒன்று, பிறகு பூ விரிந்து வெடிப்பது ஒன்று. முதலாவதைத் தாண்டியதும் வாய்ப்பு வந்துவிட்டது என்று உள்ளே போகிறவங்க ரெண்டாவதில் சாவாங்க. வெடித்த பிறகு பூவுக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருப்பாள், ஆனால் அங்கே நின்றாலே ராட் ஏறும். உங்க விகருக்கு ஒரு ஜம்ப் அட்டாக் போட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம், அதோடு சரி. அவளுடைய நிழல் உருவங்கள் ஒவ்வொன்றாகப் பாயும்போது அடிக்கப் பார்க்காதீங்க, பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருங்க. கடைசியாக வருவதுதான் நிஜ ஆள், ரோலை அதுக்கு வைத்துக்கொள்ளுங்க.

ஈசல்:
இந்த ஃபேஸிலும் வாட்டர்ஃபவுல் வரும். முதல் ஃபேஸில் ரோலிலேயே சமாளித்தால் பாட் வாய்ப்பு இங்கே வீணாகாமல் இருக்கும்.